இயக்குநரின் தோல் இருக்கை

நகரக் குடிநீர் வாரியத்துக்குப் புதுக் கார் வந்த அன்று, அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றது. வேலை நின்றுபோனது வெளியில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

கார் கறுப்பு. உள்ளே இருக்கைகள் அத்தனையும் அசல் தோல், பாலாடை நிறம். கதவைத் திறந்ததும் புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தது போல ஒரு வாசனை. தலைமை எழுத்தர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, “இதுதான் சார் அந்தஸ்து” என்றார். இயக்குநர் லேசாகத் தலையை மட்டும் ஆட்டினார். பெரிய மனிதர்கள் சந்தோஷத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்வார்கள். இவருக்கு அதற்கு இடமும் தாராளமாக இருந்தது.

காரை ஓட்ட நிதானத்தைப் போட்டார்கள். நிதானம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வாரியத்தின் ஒரே தண்ணீர் லாரியைப் பல வருடமாக ஓட்டியவர். யார் அவசரப்படுத்தினாலும் “நிதானமா போவோம்” என்று மட்டும் சொல்வார். அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. லாரியிலிருந்து காருக்கு மாறுவது வாரியத்தில் பெரிய ஏற்றம். வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“நல்லாத்தான் இருக்கு. லாரிய இனிமே யாரு ஓட்டுவா?”

“வேற ஆள் போடுவாங்க.”

“எப்போ?”

“போடுவாங்கம்மா. வாரியம்னா சும்மாவா?”

வேறு ஆள் போடவில்லை. லாரி கொட்டகை ஓரமாக நின்றது. அவர்கள் தெருக் குழாயில் நல்ல நாளிலேயே காற்றுதான் வரும். லாரி ஒன்றுதான் கதியாக இருந்தது. அதுவும் நின்றதும் தெருவே குடமும் கையுமாக இரண்டு தெரு தாண்டிப் போய்த் தண்ணீர் சுமக்க ஆரம்பித்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு நாள், “உன் வீட்டுக்காரருக்குப் பதவி வந்துச்சு, எங்களுக்குத் தண்ணி போச்சு” என்று சொல்லிவிட்டு, தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை. நிதானம் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று தெரிந்தவர்.

இந்த நிலைமையில்தான் மை கொட்டியது.

இயக்குநர் பேனாவைப் பின் பாக்கெட்டில் வைக்கிறவர். ஒரு நாள் காலையில் கார் அலுவலக வாசலில் நின்றது. அவர் இறங்கிப் போனார். நிதானம் கதவைச் சாத்தக் குனிந்தபோது, பாலாடை நிறத்தின் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலம். நிமிர்ந்து பார்த்தார். படியேறிக்கொண்டிருந்த இயக்குநரின் பின்புறத்திலும் அதே நீலம், இன்னும் கொஞ்சம் அகலமாக. வழியில் வணக்கம் வைத்த அத்தனை பேரும் அவர் கடந்து போனதும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

நிதானம் துணியை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தார். இருக்கையில் வைக்கப் போன சமயத்தில், பின்னாலிருந்து தலைமை எழுத்தரின் குரல் வந்தது.

“கையை எடுய்யா. யாரைக் கேட்டு துடைக்கிற?”

“மைங்க. காயறதுக்குள்ள துடைச்சா…”

“அது அசல் தோல். வாரியத்தோட சொத்து. ஒரு முறை இல்லாம, ஒரு தீர்மானம் இல்லாம நீ பாட்டுக்குத் துணியை வச்சுத் தேய்ச்சுடுவியா?”

செய்தி இயக்குநருக்குப் போனது. அவர் காரோடு வந்த கையேட்டை வரவழைத்து, சாயங்காலமே தோல் இருக்கைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தார். தலைவர், இயக்குநர். செயலாளர், தலைமை எழுத்தர். குழுவின் முதல் வேலை, மை யாருடையது என்று விசாரிப்பது. காரில் போகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் குழுவின் தலைவர். ஆகவே விசாரணை சிக்கலில்லாமல் நிதானத்திடம் வந்து நின்றது.

“உன்கிட்ட பேனா இருக்கா?” என்று கேட்டார் தலைமை எழுத்தர்.

“இல்லீங்க.”

“அப்போ கையெழுத்துப் போட என்ன பண்ணுவ?”

“உங்ககிட்ட வாங்கித்தான் போடுவேன்.”

“ஆக, அடுத்தவங்க பேனாவை எடுத்துப் பயன்படுத்துற பழக்கம் உண்டு.”

“பழக்கம்னு இல்லீங்க. நீங்கதான் கொடுப்பீங்க.”

“என்னையும் இதுல இழுக்கப் பாக்குற” என்று தலைமை எழுத்தர் வருத்தத்தோடு எழுதிக்கொண்டார். இயக்குநர் விசாரணையை ஜன்னலோரமாக நின்று கவனித்தார். முதுகு இவர்கள் பக்கம். நீலம் நன்றாகக் காய்ந்திருந்தது. நிதானம் அதைப் பார்த்தார். தலைமை எழுத்தரும் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி, வெளிய இரு” என்றார் தலைமை எழுத்தர், குரலைத் தாழ்த்தி.

முடிவு இதுதான்: கறை போகும் வரை கறைக்குப் பொறுப்பு நிதானம். கறை போனால் மன்னிப்பு. இருக்கை கெட்டால் வேலை போகும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டாள். “அவர் பேனான்னு சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்றது? நான் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் முன்பக்கமாத்தான் நிக்கறாரு.”

“தண்ணி வாரியத்துல ஒரு துணிய நனைக்கிறதுக்கு வழியில்ல” என்றாள் அவள். “இதுல தெருவுக்குத் தண்ணி கேட்டு நான் உங்கள நச்சரிக்கிறேன் பாருங்க. என்னச் சொல்லணும்.”

குழு கையேட்டை முதல் பக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ‘சுத்தம் செய்யும் திரவத்தை முதலில் கண்ணில் படாத ஓர் இடத்தில் சிறிது தடவிச் சோதிக்கவும்’ என்று இருந்தது. கண்ணில் படாத இடத்தைத் தேடிக் குழு காருக்குள் தவழ்ந்தது. பின்னிருக்கையின் அடிப்புறத்தில் ஒன்று அகப்பட்டது. மற்றவர்கள் தவறுதலாக அங்கே கை வைத்துவிடக் கூடாதே என்று தலைமை எழுத்தர் அதைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒட்டி, ‘கண்ணில் படாத இடம்’ என்று எழுதிய அட்டை ஒன்றையும் தொங்கவிட்டார். மறுநாள் பார்வையிட வந்த இயக்குநர் கதவைத் திறந்ததும், “அது என்ன சிவப்பா?” என்றார். கண்ணில் பட்டுவிட்டது. இடம் ரத்தானது. வேறு இடம் தேடினார்கள். அதற்கும் நாடா, அதற்கும் அட்டை. இப்படியே போய், இருக்கையில் கண்ணில் படாத இடம் என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. அட்டைகளுக்கு நடுவே கறை ஒன்றுதான் பளிச்சென்று தெரிந்தது.

“திரவம் வாங்கியாச்சுங்களா?” என்று நிதானம் மெல்லக் கேட்டார்.

“இடமே முடிவாகல. திரவத்துக்கு என்ன அவசரம்?” என்றார் தலைமை எழுத்தர்.

அடுத்த பக்கத்தில், ‘துடைத்த பின் தோலுக்குக் கண்டிஷனர் அவசியம்’ என்று இருந்தது. தோல் வறண்டு வெடிக்காமலிருக்கப் பூசுகிற களிம்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். கொள்முதல் பிரிவு இந்தச் சின்ன விஷயத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கண்டிஷனர் என்றால் அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஒரு நாள் இரண்டு ஆட்கள் ஏணியோடு வந்து, கார் கொட்டகையில் குளிர்சாதன இயந்திரத்தை மாட்டிவிட்டுப் போனார்கள். கொட்டகைக்கு மூன்று பக்கம்தான் சுவர். நாலாவது பக்கம் வழியாகக் குளிர்ச்சி முழுவதும் வெளியே போய், அங்கே படுத்திருந்த நாய்க்கு மட்டும் சுகமாக இருந்தது.

“காற்றை வீணாக்கக் கூடாது” என்று இயக்குநர் சொன்னார். கட்டடப் பிரிவு வந்து நாலாவது சுவரையும் எழுப்பியது. ஆள் போக ஒரு கதவும் வைத்தது. பூச்சு வேலையெல்லாம் முடிந்து எல்லோரும் உள்ளே நின்று சில்லென்ற காற்றை அனுபவித்துக்கொண்டிருந்தபோது நிதானம்தான் கேட்டார்.

“சார், கார் எப்படி வெளிய போகும்?”

இயக்குநர் சுவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தலைமை எழுத்தரைப் பார்த்தார்.

தலைமை எழுத்தர் சாமர்த்தியசாலி. “கார் வெளிய போனாத்தானே சார் அழுக்காகும்?” என்றார்.

இயக்குநர் முகம் மலர்ந்தது. “இதைத்தான் நானும் யோசிச்சிட்டிருந்தேன்.”

அந்த வாரமே இருக்கைப் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். காரைச் சுற்றி நாற்காலிகள் போட்டு ஊழியர்களை உட்காரவைத்தார்கள். காரின் நாலு கதவும் திறந்திருந்தன. இயக்குநர் ஒலிபெருக்கி முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தோழர்களே, இருக்கை என்பது உட்கார்வதற்காக என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இருக்கை காப்பாற்றப்பட வேண்டிய ஒன்று. நான் இந்தப் பதவிக்கு வந்த நாள் முதல் என் இருக்கையைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு ஒரு வேலையும் செய்ததில்லை என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். எத்தனையோ பேர் அதை அசைத்துப் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றார்கள். தோண்டிய பள்ளத்தை மூடவில்லை என்றார்கள். நான் அசையவில்லை. பராமரிப்பு என்றால் இதுதான். எதையும் தொடாமல் இருந்தால் எதுவும் கெடாது.”

எல்லோரும் கை தட்டினார்கள். குளிருக்கும் அது நல்லதாக இருந்தது. நன்றியுரை சொன்ன தலைமை எழுத்தர், இயக்குநரின் வார்த்தைகள் தம்மைப் பின்னோக்கிச் சிந்திக்க வைத்ததாகச் சொன்னார். பின்வரிசையில் இரண்டு பேர் இருமினார்கள்.

விழா முடிந்தது. இயக்குநர் வீட்டுக்குப் போக வேண்டும். கார் சுவருக்குள் இருந்தது. வாடகைக் காரில் போகலாமென்றால் விதி இடம் தரவில்லை. கார் ஒதுக்கப்பட்ட அதிகாரி வாரியச் செலவில் வேறு காரில் போகக் கூடாது. தம் சொந்தச் செலவில் போகலாம் என்ற யோசனை யாருக்கும் தோன்றவில்லை, இயக்குநருக்குத் தோன்றவே இல்லை.

“லாரி கார் இல்லையே சார்” என்றார் தலைமை எழுத்தர்.

அப்படித்தான் நிதானம் மறுபடியும் லாரியில் ஏறினார். சாவியைத் திருகியதும் அது ஒரு முறை இருமி, தும்மி, பிறகு பழைய குரலில் உறுமியது. நிதானத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தொப்பியைக் கழற்றி டேஷ்போர்டு மேல் வைத்தார். பக்கத்தில் இயக்குநர், மடியில் பையோடு.

வாயிற்காவலர் லாரியை நிறுத்தினார். “காலியாப் போறீங்களா? காலி லாரி போனா ஏன் காலியாப் போகுதுன்னு மூணு பேர் விளக்கம் எழுதணும் சார்.”

“நிரப்பிட்டுப் போனா?”

“ஒண்ணும் எழுத வேணாம்.”

இயக்குநர் எழுத்து வேலையை வெறுப்பவர். நிரப்பச் சொன்னார்.

அவர் வீட்டுக்கு நேர்வழி பெரிய சாலை. அதில் வாரியமே தோண்டி வாரியமே மறந்துபோன பள்ளம் ஒன்று கிடந்தது. கார் ஒதுங்கிப் போய்விடும், லாரி போகாது. சுற்றுவழிதான். அந்தச் சுற்றுவழி நிதானத்தின் தெரு. அவராகத் திட்டம் போட்டுத் திருப்பினாரா என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். “வழி அதுதான்” என்பார். பொய்யுமில்லை.

தெருமுனையில் லாரியின் சத்தம் கேட்டதும் முதலில் ஒரு ஜன்னல் திறந்தது. அடுத்து ஒரு கதவு. அதற்குப் பிறகு தெரு முழுவதும் குடங்கள் உருண்டுவரும் சத்தம். லாரிக்கு முன்னால் நின்ற கூட்டத்தில் முதல் ஆள் நிதானத்தின் மனைவி, இடுப்பில் ஒரு குடம், கையில் ஒன்று.

“என்னப்பா இது?” என்றார் இயக்குநர், பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

“தெரு சார். தண்ணிக்கு வந்திருக்காங்க.”

“எனக்கு நேரமாச்சு. ஹாரன் அடி.”

“அடிச்சா இன்னும் நாலு பேர் வருவாங்க சார். லாரி வந்திருக்குன்னு கூப்பிடுறதே அந்த ஹாரன்தான்.”

அதற்குள் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள். “அட, இயக்குநர் ஐயாவே நேர்ல வந்திருக்காருடி” என்றாள். செய்தி வாளிக்கு வாளி தாவிக் கடைசி வீடு வரை போனது. யாரோ கை தட்டினார்கள். அது பற்றிக்கொண்டது.

இயக்குநருக்கு வாழ்க்கையில் நிறையக் கைதட்டல் கிடைத்திருக்கிறது. எல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் தட்டியது. யாரும் சொல்லாமல் தட்டப்பட்ட கைதட்டலை அவர் அன்றுதான் கேட்டார். பை மடியிலிருந்து நழுவியது. கதவைத் திறந்து படிமேல் நின்றார்.

“தண்ணீர் உங்களைத் தேடி வரும் என்று நான் சொன்னேன்” என்று ஆரம்பித்தார்.

“எப்போ சார் சொன்னீங்க?” என்று நிதானத்தின் மனைவி கேட்டாள்.

“இப்போ சொன்னேனேம்மா.”

அவள் யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. குழாயின் கீழே குடத்தை வைத்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் மிச்சப் பேச்சு ஒருவருக்கும் கேட்கவில்லை. அதனால் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அன்று வீட்டு வாசலில் இறங்கும்போது இயக்குநர் கேட்டார். “நாளைக்கும் அந்தத் தெரு வழியாத்தான் போகணுமோ?”

“வேற தெரு வழியாவும் போகலாம் சார். சுத்துவழி நிறைய இருக்கு.”

“வேற தெருவுலயும் இப்படித்தான் தட்டுவாங்களா?”

“தண்ணி வராத தெருவா பாத்துப் போனா, நல்லாவே தட்டுவாங்க சார்.”

இப்படியாக இயக்குநர் காலையும் மாலையும் லாரியில் அலுவலகம் வந்து போனார். தினமும் நிரம்பிய லாரி, தினமும் ஒரு புதுத் தெரு. பெரிய சாலைப் பள்ளத்தை மூடலாமா என்று ஒருவர் கேட்டபோது, எதையும் தொட வேண்டாம் என்று அவரே தடுத்தார். எதிர்வீட்டு அக்கா துணியைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தாள். நிதானத்தின் வீட்டுச் சாப்பாட்டில் உப்பு சரியாகிவிட்டது. ஆனால் அவர் நெஞ்சில் ஒரு முள் கிடந்தது. கறை போகவில்லை. விசாரணை முடியவில்லை. மேலிடத்திலிருந்து, எல்லா நகரங்களின் குடிநீருக்கும் பொறுப்பான வாரியத் தலைவர் நேரில் பார்வையிட வருகிறார் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

“இருக்கையப் பாத்துட்டு வீட்டுக்குப் போன்னுடுவாங்களோ?” என்றார் மனைவியிடம்.

“அப்படிச் சொன்னா, எந்த இருக்கைன்னு கேட்டுட்டு வாங்க” என்றாள். ஆனால் அவளும் அன்று இயந்திரத்தில் ஒரு தையலை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள்.

வாரியத் தலைவர் வந்தார். குளிர்ந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அருமை” என்றார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். சிவப்பு நாடாக்களைப் பார்த்தார், அட்டைகளைப் படித்தார். நடுவே நீலத்தில் அவர் கண் நின்றது. நிதானம் கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“இது என்ன கறை? இன்னும் எடுக்கலையா?”

இயக்குநர் தலைமை எழுத்தரைப் பார்த்தார். தலைமை எழுத்தர் முன்னால் வந்தார். “அதைப் பராமரிச்சுட்டு வர்றோம் சார்.”

“கறையையா?”

“ஆமா சார். வந்த அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சோ, இன்னிக்கும் அவ்வளவுதான். கொஞ்சம்கூடக் கூடவுமில்ல, குறையவுமில்ல. அதுக்குன்னு தனியா ஒரு பொறுப்பாளர் போட்டிருக்கோம்.”

“யாரு?”

எல்லா விரலும் நிதானத்தை நோக்கித் திரும்பின. வாரியத் தலைவர் நேராக அவரிடம் வந்தார். கையை நீட்டினார். நிதானம் தம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கொடுத்தார்.

“என் ஆபீஸ்ல வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்கிறதில்ல. ஒரு கறையை இப்படிக் கட்டிக் காப்பாத்துறதுன்னா சாதாரணமில்ல. நல்லா வச்சிருக்கீங்க.”

“நிதானமா இருந்தேன் சார், அவ்வளவுதான்” என்றார் நிதானம்.

வாரியத் தலைவர் போன கையோடு ஆணை வந்தது. எல்லா நகரங்களிலும் அதிகாரிகளின் கார்கள் இதே முறையில் பாதுகாக்கப்பட வேண்டும், அதிகாரிகள் தண்ணீர் லாரிகளில் பயணம் செய்ய வேண்டும். அங்கெல்லாம் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பல ஊர்களில் மக்கள், வாரியம் திடீரென்று திருந்திவிட்டதாகச் சந்தேகப்பட்டார்கள்.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வாரியத்துக்கு ஒரு புதுப் பொறியாளர் வந்து சேர்ந்தாள். படிப்பு முடித்த கையோடு வந்தவள். எதையும் பார்த்தால் சரிசெய்யக் கை பரபரக்கும். முதல் நாளே காரைப் பார்த்தாள். மறுநாள் பையில் ஒரு சின்னப் புட்டியும் மெல்லிய துணியும் கொண்டுவந்தாள்.

“அண்ணே, இது தோலுக்குன்னே விக்கிற மருந்து. எங்க அப்பா கார்ல இதைத்தான் போடுவோம். ரெண்டு நிமிஷ வேலை, மை இருந்த இடம் தெரியாது” என்று புட்டியைத் திறந்தாள்.

நிதானம் பதறிப்போய் நடுவில் வந்து நின்றார். “வேணாம்மா. மூடி வைங்க.”

“ஏன்? கறை போறது நல்லதுதானே?”

“கறை போனா குழு போயிடும். குழு போனா சுவரை இடிச்சுடுவாங்க. சுவர் போனா கார் வெளிய வந்துடும்.”

“வரட்டுமே.”

அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நிதானம் யோசித்தார். விளக்கம் சொல்ல அவருக்கு வராது. “வாங்க, ஒரு நடை போயிட்டு வருவோம்” என்று லாரியில் ஏற்றிக்கொண்டார். இயக்குநர் ஜன்னலோரம், பொறியாளர் நடுவில். அன்றைய தெரு மேட்டின் மேல் இருந்தது. குழாய் போட்டும் தண்ணீர் ஏறாத இடம். ஒரு கிழவர் மூன்று வாளியை வரிசையாக வைத்து, நாலாவதாகத் தம் செருப்பை இடம்பிடிக்கப் போட்டிருந்தார். இயக்குநர் படிமேல் ஏறி நின்று பேச ஆரம்பித்ததும் கைதட்டல் எழுந்தது. பொறியாளர் கீழே இறங்கிக் குழாயைப் பிடித்துக் கிழவரின் வாளிகளை நிரப்பினாள். ஒரு பெண் குடத்தைத் தலையில் தூக்கிவிடச் சொன்னாள், தூக்கிவிட்டாள். அலுவலகம் வந்ததும் புட்டியின் மூடியை இறுக்கிப் பையின் அடியில் போட்டாள்.

அடுத்த வாரம் அவளைக் குழுவில் தொழில்நுட்ப உறுப்பினராகப் போட்டார்கள். கறையை நேரில் ஆராய்ந்து அறிக்கை தரச் சொன்னார்கள். அவள் கார் அறைக்குள் போனாள். கையுறை போட்டுக்கொண்டாள். பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் கறையைப் பார்த்தாள். வெளியே வந்து ஒரே பக்கம் எழுதிக் கொடுத்தாள். ‘மை, தோலின் இயல்போடு நன்கு ஒத்துப்போயிருக்கிறது. அவசரப்பட்டுத் தொட்டால் இரண்டும் பாதிக்கப்படும். மேலும் ஆய்வு தேவை. ஆய்வு முடிய நீண்ட காலம் ஆகும்.’

இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த வயசுலயே என்ன பக்குவம் பாருங்க” என்றார் தலைமை எழுத்தரிடம். “எனக்கு இந்த இடத்துக்கு வர முப்பது வருஷம் ஆச்சு.”